1976 ஐஎம்எஃப் லோன்: பென் வழியா, கிராஸ்லாண்ட் வழியா, ஹீலி வழியா?

பிரிட்டன் 1976ல ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) வாசல்ல போய் நின்னுச்சு, செலவைக் குறைன்னாங்க, குறைச்சாங்க, பணம் வந்துச்சு, அவ்ளோதான்னு நிறைய இடத்துல ரெண்டு வரில எழுதி முடிச்சிருப்பாங்க. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. ஏன்னா அந்தப் பணத்தை வாங்குறதுக்கு முன்னாடி, நவம்பர் 23ல இருந்து டிசம்பர் 2 வரைக்கும், அப்போ ஆட்சில இருந்த லேபர் கட்சியோட கேபினட்ல நடந்த வாதம் மாதிரி ஒரு வாதம் எந்த அரசாங்கத்துலயும் லேசுல நடக்காது. மூணு பேர் மூணு வழி சொன்னாங்க, மூணு பேரும் விஷயம் தெரிஞ்சவங்க, மூணு பேர்கிட்டயும் நியாயம் இருந்துச்சு. அதுல வெளியுறவு மந்திரி ஆண்டனி கிராஸ்லாண்ட் சொன்ன வழிதான் என்னை ரொம்ப நாளா விடாம பிடிச்சு வச்சிருக்கு. அதனால மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, அந்த மேசைல நாம உக்காந்திருந்தா எதுக்குக் கை தூக்கியிருப்போம்னு பாக்கலாம்.

முதல்ல நிலைமை என்னன்னு சொல்லிடறேன், இல்லன்னா எந்த வழியும் புரியாது. 1975 ஆகஸ்ட்ல பிரிட்டன்ல விலைவாசி வருஷத்துக்கு 26.9 சதவீதம் ஏறிட்டு இருந்துச்சு. 1976 மார்ச் 5ம் தேதி பவுண்ட் முதல் தடவையா 2 டாலருக்குக் கீழ போச்சு. அதே மாசம் பிரதமர் வில்சன் ராஜினாமா பண்றேன்னு சொல்லிட்டார், ஏப்ரல் 5ல ஜேம்ஸ் கேலகன் பிரதமர். ஜூன்ல மத்த நாட்டு சென்ட்ரல் பேங்க்குங்க சேர்ந்து 5.3 பில்லியன் டாலர் கைமாத்தா குடுத்தாங்க, ஆனா ஆறு மாசம்தான் டைம், டிசம்பர் 9க்குள்ள திருப்பணும். இந்தத் தேதியை மனசுல வச்சுக்கங்க, மொத்தக் கதையும் அந்தத் தேதியைச் சுத்தித்தான் ஓடுது. ஜூலைல 1 பில்லியன் பவுண்ட் செலவை வெட்டினாங்க, முதலாளிங்க கட்டுற நேஷனல் இன்ஷூரன்ஸையும் ஏத்தினாங்க, அப்படியும் பவுண்ட் நிக்கல.

செப்டம்பர் 28ம் தேதி சான்சலர் டெனிஸ் ஹீலி (நம்ம ஊர்ல ஃபைனான்ஸ் மினிஸ்டர்னு சொல்ற பதவி) வெளிநாட்டுல நடக்குற மீட்டிங்குக்குப் போக ஹீத்ரோ ஏர்போர்ட் வரைக்கும் வந்துட்டார். கூட பேங்க் ஆஃப் இங்கிலாந்து கவர்னர். அங்க வச்சு மார்க்கெட் நிலவரம் வருது, பவுண்ட் சரிஞ்சுட்டே இருக்கு, பிளேன்ல ஏறிட்டா பல மணி நேரம் யாரும் அவரைப் பிடிக்க முடியாது. திரும்பி வண்டில ஏறி ஆபீசுக்கே வந்துட்டார். ஒரு நாட்டோட நிதி மந்திரி ஏர்போர்ட்ல இருந்து திரும்பிப் போறார்ங்கிற நியூஸே மிச்சம் இருந்த நம்பிக்கையையும் கரைச்சிடுச்சு. மறுநாளே ஐஎம்எஃப் கிட்ட 3.9 பில்லியன் டாலர் கேட்டு அப்ளை பண்றோம்னு அறிவிப்பு. அதுவரைக்கும் யாரும் அவ்ளோ பெரிய தொகை கேட்டது இல்ல. அதுக்கு அடுத்த நாள் பிளாக்பூல்ல கட்சி மாநாடு, கட்சியோட தேசியக் கமிட்டில அவர் மெம்பர் இல்லைங்கிறதால மேடைல இடம் இல்ல, கீழ இருந்து மத்த பிரதிநிதிங்க மாதிரி அஞ்சு நிமிஷம்தான், பாதி கூட்டம் கூச்சல் போட பாதி கூட்டம் கை தட்ட, நான் போர்முனைல இருந்து வர்றேன்னு ஆரம்பிச்சுப் பேசிட்டு இறங்கினார்.

நவம்பர் 1ம் தேதி ஐஎம்எஃப் டீம் லண்டன் வந்துச்சு. இனிமே கேள்வி கேபினட்டோடது: அவங்க கேக்குற மாதிரி செலவை வெட்டி லோன் வாங்குறதா, கொஞ்சமா வெட்டி பேரம் பேசுறதா, இல்ல இந்த லோனே வேண்டாம்னு வேற பாதை பிடிக்கிறதா?

டோனி பென் சொன்னது கடைசி வழி. அவர் அப்போ எனர்ஜி மினிஸ்டர். அவர் வாதம் சுருக்கமா: வெளிய போற பணத்தையும் உள்ள வர்ற சரக்கையும் கட்டுப்படுத்துவோம், இம்போர்ட் கண்ட்ரோல் போடுவோம், முதலீட்டை அரசாங்கம் திட்டம் போட்டு நடத்தும், கம்பெனிகளோட திட்ட ஒப்பந்தம் போடுவோம், இதுக்கு நடுவுல நார்த் சீ எண்ணெய் வந்துடும். இந்த எண்ணெய் விஷயம் வெறும் ஆசை வார்த்தை இல்ல. அங்க இருக்குற ஃபோர்ட்டீஸ் எண்ணெய் வயல்ல இருந்து 1975 நவம்பர்லயே குழாய்ல எண்ணெய் கரைக்கு வர ஆரம்பிச்சிடுச்சு, அந்தத் துறையையே கைல வச்சிருந்த மந்திரி இவர்தான், அதனால நாலஞ்சு வருஷம் தாக்குப் பிடிச்சா போதும்னு அவர் சொன்னதுல அர்த்தம் இருந்துச்சு.

இன்னொண்ணும் செஞ்சார். 1931ல இதே லேபர் கட்சி அரசாங்கம் வேலையில்லாதவங்க உதவித்தொகையை வெட்டுறதா வேண்டாமான்னு உடைஞ்சு போன கேபினட்டோட மினிட்ஸை எடுத்து, காப்பி போட்டு எல்லா மந்திரிகளுக்கும் குடுத்தார். அதைப் படிச்ச ஒவ்வொருத்தருக்கும் வயித்துல புளியைக் கரைச்சிருக்கும். அன்னைக்குப் பிரதமரா இருந்த மேக்டொனால்ட் பேங்க்காரங்க பேச்சைக் கேட்டு எதிர்க்கட்சியோட சேர்ந்து அரசாங்கம் அமைச்சார், லேபர் கட்சி அடுத்த தேர்தல்ல நொறுங்கிப் போச்சு. அந்தக் காயம் நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சும் ஆறாம இருந்துச்சு. கோட்டைக்குள்ள முற்றுகைல இருக்கப் போறோம்னா அது ரெண்டு வழிலயும்தான், உங்க வழில பேங்க்காரங்க உள்ள, நம்ம ஜனங்க வெளிய, என் வழில நம்ம ஜனங்க உள்ள, பேங்க்காரங்க வெளியன்னு பென் சொன்னதை அவரோட டைரியே பதிவு பண்ணி வச்சிருக்கு. கேக்க எவ்ளோ உறுதியா இருக்கு பாருங்க.

ஆனா இந்த வழில எனக்கு ரெண்டு சிக்கல் தெரியுது. ஒண்ணு, டிசம்பர் 9. அந்தத் தேதில திருப்ப வேண்டிய பணம் எங்க இருந்து வரும்? ரிசர்வ்ல (நாட்டோட வெளிநாட்டுப் பணக் கையிருப்பு) இருந்து குடுத்தா ரிசர்வ் காலி. இம்போர்ட் கண்ட்ரோல் போட்டா வெளிய போற டாலர் குறையும், சரி, ஆனா அது வேலை செய்ய மாசக்கணக்குல ஆகும், பவுண்ட்ல பணம் போட்டு வச்சிருக்கிறவங்க ஒரு மத்தியானத்துல எடுத்துட்டுப் போயிடுவாங்க. நைஜீரியா மாதிரி எண்ணெய் நாடுங்க ஏற்கனவே எடுத்துட்டு இருந்தாங்க. ரெண்டாவது, பிரிட்டன் ஏற்றுமதி பண்ணிப் பிழைக்கிற நாடு, நாம கதவைச் சாத்தினா மத்தவங்களும் சாத்துவாங்க. இது பயமுறுத்தல் இல்ல, இதே லேபர் கட்சி 1964 அக்டோபர்ல ஆட்சிக்கு வந்ததும் இறக்குமதி மேல 15 சதவீதம் கூடுதல் வரி போட்டுச்சு, கூட்டாளி நாடுங்களே கொதிச்சுப் போய், ஆறு மாசத்துல 10 சதவீதமா குறைச்சு, 1966 முடியுறதுக்குள்ள எடுத்தே ஆகவேண்டியதா போச்சு. 1976ல பிரிட்டன் ஐரோப்பிய காமன் மார்க்கெட்டுக்குள்ள வேற இருக்கு, போன வருஷம்தான் அதுக்கு ரெஃபரெண்டம் நடத்தி மக்கள் சரின்னு சொல்லியிருக்காங்க.

இன்னொரு மந்திரி பீட்டர் ஷோர் இதையே கொஞ்சம் அடக்கமா, சர்வதேச விதிகளே அனுமதிக்கிற அளவுக்கு ரெண்டு வருஷத்துக்கு இறக்குமதிக் கட்டுப்பாடுன்னு ஒரு பேப்பர் வச்சார், பென் வச்சதை விட அது ஒழுங்கான பேப்பர்தான், ஆனா மேல சொன்ன ரெண்டு கேள்விக்கும் அதுலயும் பதில் இல்ல.

இப்ப கிராஸ்லாண்ட். இவரைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லாம முடியாது.

1918ல பிறந்தவர், போர்ல பாராசூட் படைல இருந்தவர், திரும்பி வந்து ஆக்ஸ்ஃபோர்ட்ல எகனாமிக்ஸ் சொல்லிக்குடுத்தார், அவர்கிட்டப் படிச்ச பசங்கள்ல டோனி பென்னும் ஒருத்தர். 1950ல எம்பி. 1956ல எழுதின புக்ல அவர் சொன்னது என்னன்னா, கம்பெனிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிறதுதான் சோசலிசம்னு நினைக்காதீங்க, சமத்துவம்தான் குறி, பொருளாதாரம் வளரட்டும், வளர்ற பங்குல இருந்து பள்ளிக்கூடம், வீடு, ஆஸ்பத்திரின்னு அரசாங்கம் செலவு பண்ணட்டும், அப்படித்தான் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் நடுவுல இருக்குற இடைவெளி குறையும். அப்போ 1976ல அரசாங்கச் செலவை வெட்டுன்னு சொன்னா, அவர் வாழ்நாள் பூரா நம்பினதோட அடிமடியிலயே கை வைக்கிற மாதிரி.

அதுக்காக வெட்டுன்னாலே ஓடி ஒளியுற ஆள் இல்ல. 1975 மே மாசம் மான்செஸ்டர் டவுன் ஹால்ல உள்ளாட்சிக்காரங்களைக் கூட்டி, விருந்து முடிஞ்சு போச்சு, இனிமே இஷ்டத்துக்குச் செலவு பண்ண முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவர் இவர்தான். க்ரிம்ஸ்பி மீன்பிடித் துறைமுகத்தோட எம்பி, 1976 ஜூன் 1ல அவரே வெளியுறவு மந்திரியா ஆஸ்லோ போய் ஐஸ்லாந்தோட மீன்பிடி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டார், அதுல பாதிக்கப்பட்டது அவருக்கு ஓட்டுப் போட்ட க்ரிம்ஸ்பி மீனவங்களே. வேற வழியில்லன்னா கசப்பை முழுங்கத் தெரிஞ்சவர். அதனால அவர் இந்த வெட்டு வேண்டாம்னு சொன்னப்போ அது செலவு பண்ற ஆசைல வந்த பேச்சு இல்ல.

நவம்பர் 23 கேபினட்ல அவர் ஒவ்வொரு காரணமா எடுத்து உடைச்சார். இந்த வெட்டுக்கு என்ன காரணம் சொல்றீங்க? ஏற்றுமதிக்கு ஆளும் மிஷினும் வேணும், அதுக்காக அரசாங்கம் வழி விடணும்னா, பன்னண்டரை லட்சம் பேருக்கு மேல வேலையில்லாம உக்காந்திருக்காங்க, ஆளுக்கா பஞ்சம்? வெளிநாட்டு வர்த்தகப் பற்றாக்குறைன்னா, பவுண்ட் ஏற்கனவே இவ்ளோ விழுந்திருக்கு, ஜூலைல வெட்டினது இன்னும் முழுசா வேலை செய்யவே ஆரம்பிக்கல, அது தானா சரியாகிட்டு வருது. அரசாங்கம் வாங்குற கடன்னா, பொருளாதாரம் மந்தமா இருக்கும்போது கடன் கூடத்தான் செய்யும். கடைசில மிச்சம் இருக்குற ஒரே காரணம் நம்பிக்கை, மார்க்கெட் நம்பணும். அந்த நம்பிக்கைக்காக வெட்டினா யூனியன்களோட போட்டிருக்கிற சம்பள ஒப்பந்தம் உடையும், அது உடைஞ்சா மார்க்கெட்டுக்கு இருக்குற நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

இந்தக் கடைசி பாயிண்ட்டை லேசா எடுத்துக்காதீங்க. 1976 ஆகஸ்ட்ல இருந்து சம்பள உயர்வு 5 சதவீதம்தான், வாரத்துக்கு அதிகபட்சம் 4 பவுண்ட், அந்த வருஷ விலைவாசி ஏத்தம் 16 சதவீதத்துக்கு மேல. அதாவது தொழிலாளிங்க தங்களோட சம்பளத்தோட மதிப்பு குறையுறதைத் தெரிஞ்சே ஒத்துக்கிட்டாங்க, அதுக்குப் பதிலா பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, சாப்பாட்டு மானியம் இதெல்லாம் அரசாங்கம் காப்பாத்தும்னு வாக்கு. ஒரு பக்கம் சம்பளத்தையும் இழுத்துப் பிடிச்சு இன்னொரு பக்கம் மானியத்தையும் வெட்டினா அந்த மனுஷன் எதுக்கு ஒப்பந்தத்துல நிக்கணும்?

சரி, அப்ப என்ன பண்ணலாம்கிறார்? வெட்டு ஒரு 50 கோடி பவுண்ட், அரசாங்கம் கைல வந்திருக்கிற பிரிட்டிஷ் பெட்ரோலியம் ஷேர்ல இன்னொரு 50 கோடி வித்துடலாம், ஆக 1 பில்லியன் ஆச்சு, ஆனா அதுல பாதிதான் ஜனங்க மேல விழும். இதைத்தான் குடுக்க முடியும்னு ஐஎம்எஃப் கிட்ட சொல்லுவோம். ஒத்துக்கலன்னா, இறக்குமதிக்கு டெபாசிட் கட்டச் சொல்ற திட்டம் கொண்டு வருவோம், ஜெர்மனில நிக்குற நம்ம படையைத் திருப்பிக் கூப்பிடுவோம்னு தெரியப்படுத்துவோம். அமெரிக்காவும் ஜெர்மனியும் பிரிட்டன் உடைஞ்சு போறதைப் பாத்துட்டு சும்மா இருக்க மாட்டாங்க, நம்ம பலவீனமே இங்க நமக்குப் பலம். ஷெர்லி வில்லியம்ஸ், ஹேட்டர்ஸ்லி, ஹரால்ட் லீவர் மாதிரி மந்திரிங்க ஆரம்பத்துல இவர் பக்கம் நின்னாங்க. நவம்பர் கடைசில ஹீலி பக்கம் உறுதியா நின்ன மந்திரிங்களை விரல் விட்டு எண்ணிடலாம், எட்மண்ட் டெல்லும் ரெஜ் ப்ரென்டிஸும் அதுல முக்கியமானவங்க.

கிராஸ்லாண்டுக்கு இது பழைய அனுபவம். 1964ல வில்சன் அரசாங்கம் வந்த உடனேயே பவுண்ட் மதிப்பைக் குறைக்கணும்னு நினைச்சவங்கள்ல அவரும் ஒருத்தர், வில்சன் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாதுன்னுட்டார், மூணு வருஷம் செலவை வெட்டி வெட்டி, வளர்ச்சியை நெரிச்சு, கடைசில 1967 நவம்பர் 18ம் தேதி 2.80ல இருந்து 2.40 டாலருக்கு இறக்கியே ஆகவேண்டியதா போச்சு. அவர் சொன்னது சரின்னு ஆச்சு, ஆனா மூணு வருஷம் வீணாப் போனது திரும்பி வரல. அதுக்கப்புறம் காலியான சான்சலர் பதவி தனக்குத்தான் வரும்னு எதிர்பார்த்தார், அது அவரோட நண்பர் ராய் ஜென்கின்ஸுக்குப் போச்சு.

மூணாவது ஹீலி வழி. இதுல பெரிய தத்துவம் எல்லாம் கிடையாது. பணம் வேணும், பணம் வச்சிருக்கிறவங்க ரெண்டு வருஷத்துக்கான வெட்டு கேக்குறாங்க, பேசிப் பேசி எவ்ளோ குறைக்க முடியுமோ குறைப்போம், அதுக்கு மேல முடியாது. இவர் எகனாமிக்ஸ் படிச்சவர் இல்ல, ஆக்ஸ்ஃபோர்ட்ல படிச்சது கிரேக்கம், லத்தீன், ஆறு வருஷம் டிஃபென்ஸ் மினிஸ்டரா இருந்தவர், இத்தாலி ஆன்சியோ கடற்கரைல படைங்க இறங்கினப்போ அதை நின்னு நடத்தினவர். குண்டு விழும்போது எந்தப் பக்கம் நகர்றதுன்னு யோசிக்கிற புத்தி. டிசம்பர் 9ல தவணை, ஜனவரில பணம் இல்லன்னா பவுண்ட் எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது, வட்டி ஏற்கனவே அக்டோபர் 7ல 15 சதவீதம் ஆக்கியாச்சு, வீட்டு லோன் கட்டுறவங்க ஏற்கனவே தவிச்சிட்டு இருக்காங்க. இதை எல்லாம் வச்சு அவர் சொன்னது ஒண்ணுதான்: கிராஸ்லாண்ட் சொல்ற மிரட்டல் வெளிய கசிஞ்ச அன்னைக்கே பவுண்ட் காலி, அப்புறம் பேரம் பேச நம்ம கைல என்ன இருக்கும்?

கேலகன் இந்த நேரத்துல நடந்துக்கிட்ட விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. யாரையும் அதட்டல. எல்லாரும் பேப்பர் எழுதிக் கொண்டு வாங்க, எல்லாரும் பேசுங்கன்னு விட்டுட்டார். இன்னொரு பக்கம் கிராஸ்லாண்ட் சொல்ற வழி உண்மைலயே திறந்திருக்கான்னு அவரே போய் கதவைத் தட்டிப் பாத்தார். லீவரை வாஷிங்டன் அனுப்பினார், அமெரிக்க ஜனாதிபதி ஃபோர்டுக்குப் பேசினார், ஜெர்மனி தலைவர் ஷ்மிட் கிட்டப் பேசினார். ஃபோர்ட் நவம்பர் 2 தேர்தல்ல தோத்துப் போய் வீட்டுக்குக் கிளம்பற நேரம், அவரோட கருவூல மந்திரி வில்லியம் சைமன் ஒரு பைசா விட்டுக்குடுக்கத் தயாரா இல்ல. ஷ்மிட் ஆறுதலாப் பேசினார், பணம் பத்திப் பேசல. முதல்ல ஐஎம்எஃப் ஓட முடிச்சிட்டு வாங்க, அப்புறம் ஸ்டர்லிங் கணக்குகளுக்கு (வெளிநாட்டுக்காரங்க பவுண்ட்ல போட்டு வச்சிருக்கிற பணம்) ஒரு பாதுகாப்பு ஏற்பாடு பண்ணலாம், எல்லாப் பக்கத்துலயும் இதே பதில்.

ஹேக்ல நடந்த ஐரோப்பிய உச்சி மாநாட்டுல இருந்து திரும்பி வர்ற பிளேன்ல கேலகனும் கிராஸ்லாண்டும் பேசினாங்க. நான் சான்சலர் பக்கம் போகப்போறேன்னு கேலகன் சொல்லிட்டார். டிசம்பர் 1ம் தேதி ஐஎம்எஃப் தலைவர் விட்டவீன் ரகசியமா லண்டன் வந்து பிரதமரைப் பாத்துட்டுப் போனார். அன்னைக்குக் காலைல கேபினட்ல பென், ஷோர், கிராஸ்லாண்ட் மூணு பேரும் அவங்கவங்க வழியைச் சொல்லி முடிச்சிருந்தாங்க. மறுநாள் டிசம்பர் 2. பிரதமர் ஹீலி பக்கம்னு வெளிப்படையா சொன்னார். அப்புறம் கிராஸ்லாண்ட் பேசினார். பொருளாதாரக் கணக்குல என் மனசு மாறல, இது தப்புன்னுதான் இன்னமும் நினைக்கிறேன், ஆனா பிரதமர் தோத்தாரு, சான்சலர் தோத்தாருன்னு நியூஸ் வெளிய போனா பவுண்டும் போகும் கட்சியும் போகும், அதனால ஆதரிக்கிறேன். அவர் சொன்னதோட சாரம் இதுதான்.

இப்ப மூணையும் எடை போட்டுப் பாக்கலாம். பாக்குறதுக்கு முன்னாடி பார்லிமென்ட் கணக்கையும் சேர்த்துக்கணும், இதை நிறைய பேர் விட்டுடறாங்க. 1974 அக்டோபர்ல லேபருக்கு 3 சீட் மெஜாரிட்டி, 1976ல அதுவும் கரைஞ்சு போச்சு. மார்ச் 10ம் தேதி செலவுத் திட்ட வெள்ளை அறிக்கை மேல நடந்த ஓட்டெடுப்புல 37 லேபர் எம்பிங்க ஓட்டுப் போடாம உக்காந்ததால அரசாங்கமே தோத்துச்சு, மறுநாள் நம்பிக்கை ஓட்டு வாங்கித்தான் தப்பிச்சாங்க. அப்போ கேபினட் எந்த வழியை எடுத்தாலும் அதைத் தூக்கிட்டுப் போய் காமன்ஸ்ல (பார்லிமென்ட் கீழ்சபை) ஜெயிக்க வைக்கணும். பென் வழியை எடுத்தா கட்சியோட வலது பக்கம் எம்பிங்க உடைவாங்க, எதிர்ல மார்கரெட் தாட்சர் காத்துட்டு இருக்காங்க. ஹீலி வழியை எடுத்தா இடது பக்கம் உறுமும், ஆனா தாட்சர் கட்சி செலவு வெட்டை எதிர்த்து எப்படி ஓட்டுப் போடும்? கசப்பா இருந்தாலும் அந்த வழி மட்டும்தான் சபைல தாண்டும்.

கணக்கு யார் பக்கம்னு கேட்டா, கிராஸ்லாண்ட் பக்கம். இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அரசாங்கம் 1977-78ல 8.7 பில்லியன் பவுண்ட் கடன் வாங்கும்னு ஐஎம்எஃப் கிட்ட எழுதிக்குடுத்தாங்க, கடைசில வாங்கினது 5.6 பில்லியன் கிட்டத்தான். ட்ரெஷரியோட (ஹீலியோட நிதித்துறை) மதிப்பீடே தப்பு. நாட்டு வருமானத்துல 60 சதவீதம் அரசாங்கம் செலவு பண்ணுதுன்னு அந்த வருஷம் பெரிய கூச்சல், மத்த நாடுங்க போடுற மாதிரி கணக்குப் போட்டா அது 46 சதவீதம்தான்னு பின்னாடி தெரிஞ்சுச்சு. வெளிநாட்டு வர்த்தகம் 1977 ரெண்டாம் பாதியிலயே உபரி. சரியான நம்பர் கைல இருந்திருந்தா ஐஎம்எஃப் கிட்ட போயிருக்கவே வேண்டியதில்லன்னு ஹீலியே பல வருஷம் கழிச்சு எழுதினார். வாங்கின லோனையும் முழுசா எடுக்கல, 1979 மே மாசத்துக்குள்ள திருப்பிக் குடுத்தாச்சு.

அப்ப கிராஸ்லாண்ட் வழிக்கே கை தூக்கியிருக்கலாமேன்னா, இங்கதான் நான் பல வருஷம் தடுமாறினேன். ரொம்ப நாள் ஆமான்னுதான் சொல்லிட்டு இருந்தேன். இப்ப மாத்திக்கிட்டேன். காரணம், அந்த 5.6 பில்லியன் டிசம்பர் 2ம் தேதி அந்த மேசைல யார் கைலயும் இல்ல. கிராஸ்லாண்ட் சொன்னது அவரோட அறிவுல இருந்து வந்த ஊகம், ட்ரெஷரி வச்சிருந்தது அச்சடிச்ச நம்பர், உலகத்துல பணம் வச்சிருந்தவன் எல்லாம் அச்சடிச்ச நம்பரைத்தான் பாத்தான். அவர் வழி ஜெயிக்க இன்னொருத்தன் பயப்படணும், அமெரிக்கா பயப்படணும், ஜெர்மனி பயப்படணும். கேலகன் போய் தட்டிப் பாத்தப்போ யாரும் பயப்படல. மிரட்டல்ங்கிறது ஒரு தடவைதான், எதிராளி சரி செய்னு சொல்லிட்டா செஞ்சு காட்டணும், பிரிட்டன் நிஜமாவே ஜெர்மனில இருந்து படையைக் கூப்பிட்டிருக்குமா? கிராஸ்லாண்டே அதை விரும்பியிருக்க மாட்டார்.

ஆனா அவர் வாதாடினது வீணாப் போச்சுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். இந்தக் கட்டுரைல நான் சொல்ல வந்ததே இதான். ஐஎம்எஃப் முதல்ல மனசுல வச்சிருந்தது ரொம்பப் பெரிய வெட்டு. டிசம்பர் 15ம் தேதி ஹீலி காமன்ஸ்ல எழுந்து நின்னு அறிவிச்சது என்ன? 1977-78க்கு 1 பில்லியன், 1978-79க்கு 1.5 பில்லியன், கூடவே பிரிட்டிஷ் பெட்ரோலியம் ஷேர் 50 கோடி பவுண்டுக்கு வித்துக்கிறோம்ங்கிறது. அந்த ஷேர் விக்கிற யோசனை கிராஸ்லாண்டோட பேப்பர்ல இருந்ததுதான், பள்ளிக்கூடத்துல கை வைக்கிறதுக்குப் பதிலா வீட்டு நகையை எடுத்துக் குடுக்குற மாதிரி. ஓய்வூதியத்துலயும் வேலையில்லாதவங்க உதவித்தொகை உயர்வுலயும் கை வைக்கல, இன்னொரு மந்திரி மைக்கேல் ஃபுட் அதுல அசையவே இல்ல, 1931 மினிட்ஸ் எல்லார் கைலயும் இருந்தது அதுக்கு உதவியிருக்கும்னு நினைக்கிறேன், அந்த வகைல பென்னுக்கும் இதுல பங்கு உண்டு. சாப்பாட்டு மானியம், ரோடு, வீடு கட்டுற பணம் இதுல வெட்டு விழுந்துச்சு, சிகரெட், சாராய வரி 10 சதவீதம் ஏறுச்சு, அது வலிச்சுதான் இருக்கும். ஆனா பத்து நாள் கேபினட்ல பாதிப்பேர் இது தப்புன்னு ஆதாரத்தோட பேசாம இருந்திருந்தா, கேலகன் விட்டவீன் கிட்ட எதைச் சொல்லி எண்ணைக் குறைச்சிருப்பார்? என் கேபினட் இதுக்கு மேல தாங்காதுன்னு அவர் சொன்னது உண்மையா இருந்ததால அது செல்லுபடியாச்சு.

சம்பள ஒப்பந்தம் பத்தி கிராஸ்லாண்ட் சொன்னது கொஞ்சம் தள்ளி நடந்துச்சு. 1976லயோ 1977லயோ உடையல, யூனியன்கள் தாக்குப் பிடிச்சாங்க, 1978ல மறுபடியும் 5 சதவீதம்னு சொன்னப்போதான் உடைஞ்சு அந்தக் குளிர்காலத்துல குப்பை தெருவுல குவிஞ்சுச்சு. அதுக்கு இந்த டிசம்பர் முடிவுதான் காரணம்னு முழுசா சொல்ல முடியாது, ஆனா சம்பந்தமே இல்லன்னும் நான் சொல்ல மாட்டேன்.

என் ஓட்டு இதான்: டிசம்பர் 2ம் தேதி ஹீலிக்கு. நவம்பர் 23ம் தேதி கிராஸ்லாண்டுக்கு. இது ரெண்டு படகுல கால் வைக்கிறது இல்ல, அவரே அப்படித்தான் செஞ்சார். பேரம் முடியுற வரைக்கும் முழு பலத்தோட எதிர்த்து நின்னு, கதவு எல்லாம் மூடியிருக்குன்னு தெரிஞ்சதும், என் கணக்கு மாறலன்னு பதிவு பண்ணிட்டு ஆதரிச்சார். 1931ல யாரும் அப்படிச் செய்யல. அன்னைக்கு அரசாங்கம் உடைஞ்சுச்சு, 1976ல இந்த வெட்டுக்காக அன்னைக்கு அந்த மேசைல இருந்து ஒருத்தரும் எழுந்து போகல.

1977 அக்டோபர்ல வட்டி 15ல இருந்து 5 சதவீதத்துக்கு வந்துச்சு. அந்த வருஷக் கடைசில ரிசர்வ் 20 பில்லியன் டாலரைத் தாண்டி, பவுண்ட் 1.90 டாலருக்கு மேல நின்னுச்சு. கிராஸ்லாண்ட் இதுல எதையும் பாக்கல. 1977 பிப்ரவரி 13ம் தேதி மூளைல ரத்தக்கசிவு, 19ம் தேதி ஆக்ஸ்ஃபோர்ட் ஆஸ்பத்திரில போயிட்டார், வயசு 58.